காற்றா, நானா? – வேரியோமீட்டர் பிறந்த கதை

கிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. இன்ஜின் இல்லாத அந்த விமானம் ஏறுவதாகக் கீழே நிற்பவருக்குத் தெரியலாம். ஆனால் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் அது நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகமாகச் சரிந்தபடிதான் இருக்கும். அந்தக் காற்றே நொடிக்கு இரண்டு மீட்டர் மேலெழும்பினால், சரிவு போக மிச்சமுள்ளது விமானத்துக்கு லாபம். பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிட்டு ஏறுவதும் இதே கணக்கில்தான். எந்த இடத்துக் காற்று மேலே போகிறதென்று பருந்து கண்டுகொள்கிறது. மனிதனால் முடிவதில்லை.

முடியாததற்குக் காரணம் உடம்பிலேயே இருக்கிறது. நம் உட்காது வேகத்தை உணர்வதில்லை, வேகம் மாறுவதைத்தான் உணர்கிறது. லிஃப்டில் போகிறவருக்கு அது கிளம்பும்போதும் நிற்கும்போதும்தான் வயிற்றில் ஏதோ செய்கிறது. நடுவில் பத்து மாடி கடந்தாலும் ஒன்றும் தெரிவதில்லை. கிளைடர் விமானிக்கும் இதே கதிதான். மேலெழும் காற்றுக்குள் நுழையும் கணத்தில் இருக்கை அவரைத் தள்ளும். அதன் பிறகு ஏறுகிறாரா, நிற்கிறாரா, இறங்குகிறாரா என்று உடம்பு சொல்லாது. உயரமானியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அதன் முள் கண்ணுக்குத் தெரியும்படி நகர்வதற்குள் நல்ல காற்று கைவிட்டுப் போயிருக்கும். விமானிக்கு வேண்டியது உயரம் அல்ல, உயரம் மாறும் வேகம்.

அதைக் காட்டும் கருவி பலூன்காரர்களிடம் முன்பே இருந்தது. மேகத்துக்குள்ளும் இரவிலும் மிதக்கிறவர்களுக்கு ஏற்றமா இறக்கமா என்று தெரிந்தாக வேண்டும். தாமதமாகத் தெரிந்தால் மணல் மூட்டையை வீணாகக் கொட்டிவிடுவார்கள், அல்லது வாயுவை வீணாகத் திறந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கருவியைக் கிளைடரில் பொருத்தலாம் என்ற யோசனை வரப் பல ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்குக் காரணம் மலைகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் இன்ஜின் விமானங்களுக்கு வெர்சாய் ஒப்பந்தம் கடுமையான தடைகளைப் போட்டிருந்தது. பறக்கும் ஆசையைத் தடுக்க எந்த ஒப்பந்தத்தாலும் ஆகவில்லை. ஆஸ்கர் உர்சினுஸ் என்ற பத்திரிகை ஆசிரியரின் முயற்சியில் 1920இல் ரோன் மலைப்பகுதியின் வாசர்குப்பே உச்சியில் முதல் கிளைடர் போட்டி நடந்தது. சுமார் 950 மீட்டர் உயரமுள்ள மொட்டை மலை அது. கிடைத்த மரத்தையும் துணியையும் வைத்துக் கட்டிய விமானங்களோடு மாணவர்கள் வந்து கூடினார்கள். இரண்டே ஆண்டில், 1922 ஆகஸ்டில், ஹனோவர் மாணவர்கள் உருவாக்கிய 'வாம்பைர்' விமானத்தில் ஆர்தர் மார்ட்டன்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் நின்றார். அடுத்தடுத்த நாட்களில் ஹென்ட்சன் என்ற இன்னொரு விமானி அதை இரண்டு மணி, மூன்று மணி என்று நீட்டினார்.

இவையெல்லாம் மலைச்சரிவுக் காற்றில் நடந்தவை. காற்று மலையில் மோதி மேலே திரும்பும் இடத்தில் முன்னும் பின்னுமாகப் போய்வந்துகொண்டிருந்தால் போதும். மேலெழும் காற்று எங்கே என்ற கேள்விக்கு மலையே பதில். கருவி எதற்கு? ஆனால் மலையை விட்டு நகர்ந்தால் தரைதான். விமானிகள் மலைக்கே கட்டுண்டு கிடந்தார்கள்.

1926 ஆகஸ்டில் அந்தக் கட்டு தற்செயலாக அறுந்தது. மாக்ஸ் கேகெல் என்ற விமானியை இடிமேகம் ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் விரும்பிப் போகவில்லை, வெளியே வரவும் வழியில்லை. மேகம் அவரைத் துப்பியபோது கிளம்பிய இடத்திலிருந்து வெகுதூரம் வந்திருந்தார். 55 கிலோமீட்டர் தள்ளி இறங்கினார். அன்றைக்கு அது நம்ப முடியாத தூரம். 'இடிமேக மாக்ஸ்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்தது. மலை இல்லாத இடத்திலும் வானில் ஏற்றம் உண்டு என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் இடிமேகத்தை நம்பி யாரும் பயணத் திட்டம் போட முடியாது.

வாசர்குப்பே ஆய்வு நிலையத்தில் இருந்த வானிலை அறிஞர் வால்டர் கேயோர்கி வேறு மாதிரி யோசித்தார். வெயில் நாளில் பஞ்சுப்பொதி போல் மிதக்கிறதே குமுலஸ் மேகம், அதன் அடியிலும் காற்று மேலே போகத்தானே வேண்டும்? 1928இல் யோஹன்னஸ் நேரிங் என்ற விமானியை ஒரு சிறிய இன்ஜின் விமானத்தில் அனுப்பினார். மேகத்தின் கீழே போனதும் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நேரிங் நிறுத்தினார். விமானம் ஏறியது.

இனி பிரச்சினை ஒன்றுதான். மேகத்தின் அடியில் ஏற்றம் இருக்கிறது, சரி. சரியாக எந்த இடத்தில்? சூடான காற்று தூண் போல எழும்புகிறது. அதன் குறுக்களவு சில நூறு மீட்டர் இருந்தாலே பெரிது. விமானம் சில நொடிகளில் அதைக் கடந்து வெளியே போய்விடும். தூணுக்கு வெளியே காற்று கீழ்நோக்கிப் பாய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூணுக்குள் வட்டமடிக்க வேண்டுமானால், ஏற்றம் கூடுகிறதா குறைகிறதா என்று ஒவ்வொரு கணமும் யாராவது சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அலெக்சாண்டர் லிப்பிஷ் பலூன்காரர்களின் கருவியைப் பற்றிச் சொன்னார். வாசர்குப்பேயில் விமான வடிவமைப்பாளராக இருந்தவர் அவர். பின்னாளில் ராக்கெட் போர்விமானமான மெ 163க்கு மூலவராகப் பெயர் வாங்கியவரும் அவரே. யோசனையைக் காதில் வாங்கிக்கொண்டவர் ராபர்ட் குரோன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரிய இளைஞர். 1928இல் அவருடைய 'ரோன்கைஸ்ட்' கிளைடரில் அந்தக் கருவி ஏறியது. போட்டியாளர்களிடம் அவர் அதைப் பற்றி அதிகம் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் இறங்கிய இடத்தில் குரோன்ஃபெல்ட் ஏறினார் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்தது. மறு ஆண்டு 'வீன்' என்ற புதிய கிளைடரில் 100 கிலோமீட்டரைத் தாண்டினார். அந்த எல்லையைக் கிளைடரில் முதலில் கடந்தவர் அவர். 1931இல் ஆங்கிலக் கால்வாயை ஒரே நாளில் போகவும் வரவும் கடந்து 'டெய்லி மெயில்' பத்திரிகையின் ஆயிரம் பவுண்டு பரிசை வாங்கினார். குரோன்ஃபெல்ட் யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த பின் அவருக்கு ஜெர்மானிய வானில் இடமில்லாமல் போயிற்று. இங்கிலாந்து போய் அந்த நாட்டுக் குடிமகனானார். 1948இல் வாலில்லாத ஒரு சோதனைக் கிளைடரை ஓட்டிப் பார்க்கும்போது விபத்தில் இறந்தார்.

கருவியின் உள்ளே இருந்தது நாம் காப்பி ஊற்றி வைக்கும் அதே தெர்மாஸ் பிளாஸ்க். இதில் வேடிக்கை ஒன்றுமில்லை, அறிவியல்தான் இருக்கிறது. பிளாஸ்கின் வாயிலிருந்து ஒரு குழாய், மிக நுண்ணிய துளை வழியாக வெளிக்காற்றோடு சேர்கிறது. விமானம் ஏறினால் வெளியே அழுத்தம் குறையும். கடல் மட்டத்தை ஒட்டிய உயரங்களில் எட்டு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிபார். பிளாஸ்கில் உள்ள காற்று அதற்கு ஈடுகட்ட வெளியே கசியும். துளை நுண்ணியதாக இருப்பதால் கசிவு சற்றுப் பின்தங்கும். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு சிறு அழுத்த வித்தியாசம் நிற்கும். எவ்வளவு வேகமாக ஏறுகிறோமோ அவ்வளவு பெரிய வித்தியாசம். அதை முள்ளில் காட்டினால் வேரியோமீட்டர்.

சாதாரண பாட்டில் ஏன் போதாது? வெயில் பட்டு உள்ளே இருக்கும் காற்று ஒரே ஒரு டிகிரி சூடானாலும் அது விரியும், வெளியேறும். முள்ளுக்கு அது சுமார் 30 மீட்டர் ஏறியதாகத் தெரியும். நின்ற இடத்திலேயே பொய் ஏற்றம். அந்தப் பொய்யைத் தடுக்கத்தான் தெர்மாஸ். காற்று விரியும்போது தானே குளிர்வதையும் சமன்செய்ய, பிளாஸ்குக்குள் செம்புக் கம்பிச் சுருளைத் திணிப்பது பின்னர் வழக்கமாயிற்று. இந்தக் கருவியின் மீதிக் கதை முழுவதும் இப்படி ஒவ்வொரு பொய்யாகப் பிடித்து வெளியேற்றியதுதான்.

தெர்மல் என்ற வெப்பக் காற்றுத் தூணை, மேகத்தின் அடையாளம்கூட இல்லாத நீல வானில் தேடிப் பிடித்து ஏறிக் காட்டியவர் வோல்ஃப் ஹிர்த். மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்தவர். 1930 அக்டோபரில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில், வேரியோமீட்டர் பொருத்திய தன் 'முஸ்டர்லே' கிளைடரில் தெர்மலுக்குத் தெர்மல் தாவி ஊரை விட்டே போய்விட்டார். விமானத்தை நன்றாகச் சாய்த்து இறுக்கமாக வட்டமடித்தால் தூணுக்குள்ளேயே இருக்கலாம் என்ற பாடத்தையும் அவரே பரப்பினார். முப்பதுகளில் கருவி பரவலாயிற்று. இங்கிலாந்தில் வந்த காப்-ஸ்லேட்டர் வகையில் முள்ளே கிடையாது. இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் பச்சை உருண்டை, மற்றதில் சிவப்பு. பச்சை எழுந்தால் ஏற்றம், சிவப்பு எழுந்தால் இறக்கம். அதைவிடத் தெளிவான திரையை இன்றுவரை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை என்பேன்.

ஆனால் எல்லோரையும் ஏமாற்றிய ஒரு பொய் மிச்சம் இருந்தது. அந்தப் பொய்யைச் சொல்வது விமானியின் கை.

மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கிளைடரின் மூக்கைத் தூக்கினால், வேகம் உயரமாக மாறும். 100 கிலோமீட்டருக்கு வேகம் குறைவதற்குள் சுமார் 115 மீட்டர் ஏறிவிடும். காற்று அசையாமல் கிடக்கும்போதும் இது நடக்கும். வேரியோமீட்டர் முள் உற்சாகமாக மேலே குதிக்கும். விமானி தெர்மல் கிடைத்துவிட்டது என்று திரும்புவார். அங்கே ஒன்றும் இருக்காது. 'ஸ்டிக் தெர்மல்' என்று விமானிகள் கேலி செய்வது இதைத்தான். கட்டுப்பாட்டுக் கோலை இழுத்ததால் பிறந்த தெர்மல். காற்றா தூக்கியது, நானா தூக்கினேன் என்று கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தீர்வுக்கான வழியை 1939இலேயே ஆர்தர் கான்ட்ரோவிட்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் சுட்டியிருந்தார். உயரத்தை மட்டும் அளக்காதே, உயரமும் வேகமும் சேர்ந்த மொத்த ஆற்றலை அள. விமானி ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளலாம், கூட்டுத்தொகையைக் கூட்ட முடியாது. அது கூடினால் காற்று கொடுத்தது என்று பொருள்.

இதைச் செய்துகாட்டிய பொருள் ஒரு குழாய். விமானத்தின் வேகத்துக்கு ஏற்ப அழுத்தத்தைக் குறைத்து உறிஞ்சும்படி வடிவமைத்த குழாய். விமானி மூக்கைத் தூக்கும்போது உயரம் கூடி வெளி அழுத்தம் குறையும். அதே நேரம் வேகம் குறைவதால் குழாயின் உறிஞ்சல் தளர்ந்து அழுத்தம் கூடும். இரண்டும் ஒன்றையொன்று சரியாகத் தின்றுவிட்டால் முள் அசையாது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஃபிராங்க் இர்விங் வடிவமைத்த வென்சுரி வகைக் குழாய் ஒரு காலத்தில் பல கிளைடர்களில் நீட்டிக்கொண்டிருந்தது. எழுபதுகளில் ஓரன் நிக்ஸ் அதை இன்னும் எளிமையாக்கினார். நாசாவில் நிலவுக்கும் கோள்களுக்கும் ஆளில்லாக் கலங்களை அனுப்பும் திட்டங்களை நடத்தியவர் அவர். ஓய்வு நேரக் கிளைடர் விமானியாக அவர் தந்தது, பின்புறம் துளையிட்ட ஒரு வளைந்த உலோகக் குழாய். இன்றும் பெரும்பாலான கிளைடர்களின் வால் செட்டையிலிருந்து முன்னோக்கி நீண்டிருப்பது அதுவோ அதன் உறவினரோதான். எலக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லுக்கே அதில் வேலையில்லை.

எலக்ட்ரானிக்ஸ் வந்தது வேறு குறையைத் தீர்க்க. முள் கருவிகள் சில நொடிகள் தாமதமாகப் பேசும். கிளைடர் ஒரு வட்டத்தை முடிக்க இருபது நொடி சொச்சம் ஆகிறது என்றால், மூன்று நான்கு நொடி தாமதம் என்பது வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. நல்ல காற்று இங்கே என்று கருவி சொல்லும்போது விமானம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். பிளாஸ்கிலிருந்து கசியும் காற்று, மின்சாரத்தால் சூடாக்கிய சின்னஞ்சிறு தெர்மிஸ்டர் மணிகளைக் குளிர்விப்பதை அளக்கும் கருவிகள் வந்தன, தாமதம் குறைந்தது. பிறகு அழுத்தத்தை நேரடியாக அளக்கும் சென்சார்கள் வந்து பிளாஸ்கையே பலவற்றிலிருந்து துரத்திவிட்டன.

மின்சாரத்தின் பெரிய கொடை வேகம்கூட இல்லை, ஒலிதான். ஏற்றத்தில் விட்டுவிட்டுக் கீச்சிடும், ஏற்றம் கூடக்கூடச் சுருதி உயரும். இறக்கத்தில் தாழ்ந்த குரலில் முனகும். விமானி கருவிப்பலகையைப் பார்க்கவே வேண்டாம். போட்டி நாளில் ஒரே தெர்மலுக்குள் இருபது முப்பது கிளைடர்கள் அடுக்கடுக்காகச் சுற்றும். அங்கே தலையைக் குனிந்து முள்ளைப் பார்ப்பவர் தன் உயிரோடு அடுத்தவர் உயிரையும் பணயம் வைக்கிறார். ஒலி வந்ததும் கண் வெளியே போயிற்று.

கணக்குப்பிள்ளை வேலை இந்தக் கருவிக்கு எப்படி வந்தது என்பது தனிக் கிளைக்கதை. ஏறிய பிறகு அடுத்த தெர்மலுக்கு எந்த வேகத்தில் போவது? வேகமாகப் போனால் நேரம் மிச்சம், உயரம் நஷ்டம். 1938 ரோன் போட்டியிலேயே வோல்ஃப்காங் ஷ்பேட்டே இதற்கொரு அட்டவணை வைத்திருந்தார். அதை எளிய கருவியாக்கியவர் அமெரிக்கரான பால் மக்ரெடி. வேரியோமீட்டரின் முகத்தைச் சுற்றி ஒரு திருகு வளையம், அதில் வேகங்கள் எழுதியிருக்கும். அடுத்து கிடைக்கப்போகும் தெர்மல் எவ்வளவு வலுவாக இருக்குமென்று நினைக்கிறாயோ அந்த எண்ணில் வளையத்தை வை. முள் காட்டும் இடத்தில் உள்ள வேகத்தில் பற. கடந்துபோன தெர்மல் கணக்கில் வராது, வரப்போவதுதான் வரும். 1956இல் பிரான்சின் சேன்-யான் ஊரில் மக்ரெடி உலக சாம்பியன் ஆனார். மனித ஆற்றலால் பறக்கும் 'காசமர் காண்டர்' விமானத்தை 1977இல் பறக்கவைத்துக் கிரீமர் பரிசு வென்றவரும் இவரே.

அந்த வளையம் நுண்செயலிக்குள் போனதுதான் இன்றைய பறப்புக் கணினி. விமானத்தின் இயல்பான சரிவைக் கழித்து, காற்று மட்டும் எப்படி நகர்கிறது என்று காட்டும் 'நெட்டோ' அளவும் அதில் சேர்ந்தது. தொண்ணூறுகளில் ஜிபிஎஸ் வந்தபோது இன்னொரு பழைய தொல்லை ஒழிந்தது. அதுவரை போட்டியில் சுற்றித் திரும்ப வேண்டிய முனையைத் தொட்டதற்கு ஆதாரம், சிறகின் நுனி தெரியும்படி விமானி தன் கேமராவில் எடுத்த புகைப்படம். உயரத்துக்கு ஆதாரம், கரி பூசிய உருளையில் ஊசி கீறிய கோடு. இப்போது எல்லாம் ஒரு கோப்பில் அடங்கிவிட்டன.

இனி வாங்கப் போகிறவரின் கவலைக்கு வரலாம். ஸ்லோவேனியா இந்தத் தொழிலின் தலைநகரம் போல் ஆகிவிட்டது. எல்எக்ஸ் நேவிகேஷனும் எல்எக்ஸ்நாவும் அங்கேயிருந்து வருபவை. வண்ணத் திரை, வரைபடம், காற்றின் திசை, வீடு திரும்பும் சறுக்குக் கணக்கு, அருகில் வரும் கிளைடரை எச்சரிக்கும் ஃபிளார்ம் இணைப்பு எல்லாம் கிடைக்கும். விலை ஆயிரக்கணக்கான யூரோ. மறுபக்கம் எக்ஸ்சிசோர் என்ற இலவசத் திறமூல மென்பொருள், பழைய கைப்பேசியிலும் ஓடுகிறது. வரைபடத்துக்கும் சறுக்குக் கணக்குக்கும் அதுவே பலருக்குப் போதும்.

என் கட்சி இது: திரையைக் கடைசியில் பாருங்கள். முதலில் வால் செட்டையில் உள்ள குழாயையும், அங்கிருந்து கருவிவரை ஓடும் ரப்பர் குழாய்களையும் பார்க்க வேண்டும். ஒரு இணைப்பில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் ஆயிரக்கணக்கான யூரோ கணினி அந்தக் கசிவைத்தான் அழகாகக் கணக்கிட்டு, வண்ணத்தில் காட்டும். காற்று அசையாத அதிகாலையில் மணிக்கு 170 கிலோமீட்டரில் பறந்து, மூக்கை மெதுவாகத் தூக்கி 90க்குக் கொண்டுவாருங்கள். முள் அமைதியாக அந்த வேகத்துக்குரிய சரிவில் போய் நின்றால் குழாய் ஒழுங்கு. மேலே குதித்தால் ஈடுகட்டல் போதவில்லை. குழாயே இல்லாமல் கணினியே வேகத்தை அளந்து கழித்துக்கொள்ளும் முறையும் உண்டு. நன்றாக அமைந்தால் அது அருமை. ஆனால் அதற்கு வேகமும் உயரமும் ஒரே கணத்தில் வந்து சேர வேண்டும். ஒரு குழாய் நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருந்தால் கணக்கு தள்ளாடும்.

அடுத்து ஒலி. இரண்டு கருவிகளை இயக்கிப் பார்த்து, ஆறு மணி நேரம் காதில் எதைத் தாங்க முடியும் என்று முடிவு செய்வது நல்லது. அதன்பின் சராசரி காட்டும் எண். முள்ளின் உச்சத்தைப் பார்த்து நான் மூன்று மீட்டரில் ஏறுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம், முழு வட்டத்துக்கும் சராசரி ஒன்றேமுக்கால்தான் என்று நாகரிகமாகச் சொல்லும் எண் அது. அடுத்த தெர்மலை மதிப்பிட்டு மக்ரெடி வளையத்தை வைக்கும்போதும் இப்படிப்பட்ட அடக்கமான சராசரியைத்தான் எதிர்பார்க்க வேண்டும், முள்ளின் உச்சத்தை அல்ல. பிறகு மின்சாரம்: வெயிலில் தெரியும்படி ஒளிரும் பெரிய திரை, மாலைவரை 12 வோல்ட் பேட்டரியில் தாக்குப்பிடிக்குமா? பலகையில் இருக்கும் ஓட்டை 57 மில்லிமீட்டரா 80 மில்லிமீட்டரா என்பதையும் வாங்குமுன் அளந்துவிட வேண்டும்.

மொத்த ஆற்றல் குழாய்க்கும் ஒரு குருட்டு இடம் உண்டு. எதிரிலிருந்து திடீரென ஒரு கிடைமட்டக் காற்று மோதினால் காற்றுவேகம் கூடும். ஆற்றல் கூடிவிட்டதென்று குழாய் நம்பிவிடும். அங்கே ஏற்றம் எதுவும் இருக்காது. ஆகென் பேராசிரியர் ஹைன்ரிக் மெயர், பெங் ஹுவாங்குடன் சேர்ந்து உருவாக்கிய 'ஹாக்' முறை இதற்கு மருந்து தேடுகிறது. முடுக்கமானிகள், சுழல்மானிகள், ஜிபிஎஸ், அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்து, காற்றின் அசைவை முப்பரிமாணத்தில் கணிக்கிறது. பயன்படுத்திய சிலர் பழைய ஒலிக்குத் திரும்ப மாட்டோம் என்கிறார்கள். வேறு சிலர் இரண்டையும் பலகையில் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவதென்று இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணினி எதுவானாலும் பக்கத்தில் பிளாஸ்கோடு கூடிய முள் வேரியோமீட்டர் ஒன்று இருக்கட்டும். அது பேட்டரி கேட்பதில்லை. அப்படிப்பட்டவை இன்றும் புதிதாக விற்பனைக்கு வருகின்றன.